வழங்கிப்பக்க உள்ளிணைப்பு

வழங்கிப்பக்க உள்ளிணைப்பு அல்லது சர்வர் சைட் இன்குளூட்ஸ் (சுருக்கமாக எஸ்எஸ்ஐ) என்பது, வலைப்பக்கம் ஒன்றை உலாவிக்கு அனுப்பும் முன்னர், வேறு கோப்புகளின் உள்ளடக்கத்தை வழங்கியே அதில் சேர்த்துக் கொடுக்கும் முறை ஆகும். தலைப்பு, பட்டி, அடிப்பகுதி போன்று எல்லாப் பக்கங்களிலும் வரும் பகுதிகளை ஒரே கோப்பில் வைத்துப் பராமரிக்க இது உதவுகின்றது. அப்பாச்சி வழங்கியில் மாட்_இன்குளூட் என்னும் கூறு இப்பணியைச் செய்கின்றது. என்ஜின்எக்ஸ் வழங்கியிலும் இவ்வசதி உண்டு.

அமைதியான பிழை

உள்ளிணைப்புக் கட்டளைகள் எச்டிஎம்எல் கருத்துரை வடிவில் எழுதப்படுகின்றன. ஆகவே, வழங்கி அவற்றைக் கவனியாது விட்டால், உலாவி கருத்துரை என்றே கொண்டு மறைத்துவிடும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. பட்டி இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். பிழை தேடுவோரைப் பெரிதும் குழப்புவது இதுவே. எனவே முதலில் உலாவியில் பக்கத்தின் மூலத்தைப் பார்க்கவேண்டும். கட்டளை அங்கு அப்படியே காணப்பட்டால் வழங்கி அதனைத் தொடவில்லை என்பது உறுதி.

இதற்குப் பல காரணங்கள் உள்ளன. கோப்பின் பெயர் எஸ்எச்டிஎம்எல் என முடியாதிருக்கலாம். ஆப்சன்ஸ் அமைப்பில் இன்குளூட்ஸ் சேர்க்கப்படாதிருக்கலாம். கருத்துரையின் தொடக்கக் குறிகளுக்கும் '#' குறிக்கும் இடையில் ஓர் இடைவெளி விழுந்தாலும் கட்டளை புறக்கணிக்கப்படும். எச்டிஅக்சஸ் கோப்பில் எழுதிய அமைப்புகள், அலவ்ஓவர்ரைட் 'நன்' என்றிருந்தால் படிக்கப்படுவதே இல்லை. 2012 இல் வெளிவந்த 2.4 பதிப்பில் இதுவே இயல்பிருப்பு. எக்ஸ்பிட்ஹேக் அமைப்பைப் பயன்படுத்தும் தளங்களில், கோப்பைப் படியெடுக்கும்போது அதன் இயக்க அனுமதி விடுபட்டால் உள்ளிணைப்பும் நின்றுவிடும். வழங்கி இன்றி, கணினியின் வட்டிலிருந்து நேரடியாகத் திறந்த பக்கத்திலும் இது இயங்காது.

பிழைச்செய்தி தோன்றுதல்

கட்டளையைச் செயற்படுத்துகையில் பிழை நேர்ந்தது என்று பகர அடைப்புக்குள் ஆங்கிலச் செய்தி தெரிந்தால் நிலைமை உண்மையில் மேலானது: உள்ளிணைப்பு இயங்குகின்றது, குறித்த கட்டளையே தவறு. காரணம் வழங்கியின் பிழைப்பதிவில் இருக்கும். பெரும்பாலும் அது கோப்பின் பாதை பற்றியதாகும். 'ஃபைல்' பண்பு, நடப்பு அடைவிலிருந்து மேலே செல்லும் பாதையையோ சாய்கோட்டில் தொடங்கும் முழுப்பாதையையோ ஏற்பதில்லை. அவ்வாறான இடங்களில் 'வர்ச்சுவல்' பண்பைப் பயன்படுத்தவேண்டும். பழைய தளங்களை 2.4 பதிப்புக்கு மாற்றும்போது 'இஃப்' நிபந்தனைகள் பிழைப்பதுண்டு. அப்பதிப்பில் அவற்றின் இலக்கணம் மாறியது. எஸ்எஸ்ஐலெகசிஎக்ஸ்பிஆர்பார்சர் அமைப்பு பழைய இலக்கணத்தை மீட்டுத்தரும்.

பாதுகாப்பு

'எக்செக்' கட்டளை வழங்கியில் நிரல்களை இயக்கவல்லது. இன்குளூட்ஸ்நோஎக்செக் அமைப்பு அதனைத் தடுக்கின்றது. பிழையை விரைவில் போக்கும் பொருட்டு இதனை நீக்கி முழு அனுமதி வழங்குவது ஆபத்தானது. வருகையாளர் எழுதும் கருத்துகள் அதே பக்கத்தில் வடிகட்டப்படாமல் சேமிக்கப்பட்டால், அவர் எழுதும் கட்டளையையும் வழங்கி இயக்கிவிடும். கோப்பை மட்டும் சேர்க்கவேண்டிய தளங்களுக்கு 'எக்செக்' தேவையே இல்லை.