திருவாரூர் தியாகராஜர் கோயில்

சோழநாட்டுச் சைவத் தலங்களில் முதன்மையானவற்றுள் ஒன்று. இங்கு மூலவர் வன்மீகநாதர். புற்றே இலிங்கமாக வழிபடப்படுகிறது. ஆயினும் ஊரின் உயிர்மூச்சு, சோமாஸ்கந்த வடிவான தியாகராஜரே.

தேவாசுரப் போரில் துணைநின்ற முசுகுந்தச் சக்கரவர்த்தி, பரிசாக இந்திரன் வழிபட்ட தியாகராஜரையே கேட்டான். கொடுக்க மனமில்லாத இந்திரன், அதேபோல் ஆறு திருமேனிகளைச் செய்வித்து ஏழையும் முன்வைத்தான். முசுகுந்தன் உண்மையானதை அறிந்துகொண்டான். ஏழும் அவனுக்கே கிடைத்தன. அவை அமைந்த ஊர்களே சப்தவிடங்கத் தலங்கள். இக்கதையைத் தேவாசிரிய மண்டப விதானத்தில் நாயக்கர்–மராட்டியர் கால ஓவியங்களாகக் காணலாம். சிதைவுகளுக்கு நடுவிலும் கண்ணைப் பிடித்து நிறுத்தும் அரிய கலைச்செல்வம் அது.

வளாகத்திலுள்ள அசலேசுவரர் கற்றளி செம்பியன் மாதேவி எடுப்பித்தது. மேற்கே கமலாலயக் குளம் கடல்போல் விரிகிறது.

தியாகராஜரின் திருமுகம் மட்டுமே எப்போதும் தெரியும். பாத தரிசனம் மார்கழித் திருவாதிரையிலும் பங்குனி உத்திரத்திலும் மட்டுமே. பங்குனிப் பெருவிழாவின் ஆழித்தேர், அலங்கரித்து நிற்கையில் ஏறத்தாழ 96 அடி உயரம். பழைய தேர் 1926இல் எரிந்தபின் புதிது செய்யப்பட்டு 1930இல் ஓடியது. இத்தேரை வடம்பிடிக்க ஊரே திரள்கிறது. முட்டுக்கட்டையுடன் இப்போது ஹைட்ராலிக் பிரேக்கும் அதன் வேகத்தை அடக்குகிறது.