ஆடிப்பிறப்புப் பாட்டு

யாழ்ப்பாணத்துச் சிறுவர் பாடல்களில் பரவலாகப் பாடப்படுவது. இயற்றியவர், 'தங்கத் தாத்தா' எனப்பட்ட நவாலியூர் க. சோமசுந்தரப் புலவர் (1878–1953). 'தாலவிலாசம்', 'கத்தரித் தோட்டத்து வெருளி' முதலியவையும் அவருடையவையே. ஆயினும் ஊர் மனத்தில் அவரை நிறுத்தியது இந்தச் சிறு பாட்டுத்தான்.

ஆடி முதல் நாளுக்குப் பள்ளி விடுமுறை கிடைத்த குதூகலத்தோடு தொடங்கி, நேரே அடுக்களைக்குள் புகுகிறது பாட்டு. மா வறுப்பது, பயறு, தேங்காய், பனங்கட்டி சேர்ப்பது, கூழ் துழாவுவது, கொழுக்கட்டை அவிப்பது என ஒரு சமையற் குறிப்பே ஓசையோடு வருகிறது. பலாவிலையைக் கோலிக் கூழ் குடிக்கும் வழக்கத்தை, பலாமரம் இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் இதன்வழி அறிவர். உபதேசம் இல்லை, அதுவே இதன் பலம்.

இலங்கைப் பாடநூல்கள் பாட்டைப் பரப்பின. போர்க்கால இடப்பெயர்வுக்குப் பின் அது கனடா, இங்கிலாந்து வரை சென்றது. யூலை நடுப்பகுதியில் அங்குள்ள தமிழ்ச் சங்கங்களும் பள்ளிகளும் கூழ் காய்ச்சி, பிள்ளைகளைக் கொண்டு இதைப் பாடுவிக்கின்றன.