கயிற்றில் எண்ணிய வேகம்

கப்பலின் வேகத்தைக் கயிற்றால் அளக்கும் முறையை வில்லியம் பூர்ன் என்ற ஆங்கிலேயர் 1574இல் தம் மாலுமிக் கையேட்டில் விவரித்தார். அதற்கு முன்பெல்லாம் கண்ணளவுதான். பழுத்த மாலுமி ஓரமாக ஓடும் நுரையைப் பார்த்து ஒரு மதிப்புச் சொல்வார். அதை நம்பித்தான் கொலம்பஸ் அட்லாண்டிக்கைக் கடந்தார்.

கால்வட்ட வடிவத்தில் ஒரு மரப்பலகை. வளைந்த விளிம்பில் ஈயம் பதித்திருப்பதால் நீரில் நிமிர்ந்து நிற்கும். அதைக் கப்பலின் பின்புறத்திலிருந்து கடலில் வீசுவார்கள். பலகை நீரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட, கப்பல் முன்னே நகர, உருளையிலிருந்து கயிறு விறுவிறுவென்று ஓடும். கப்பல் கிளப்பும் சுழலைப் பலகை தாண்டும்வரை சில பாகம் கயிற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த இடத்தில் கட்டியிருக்கும் துணித்துண்டு கையைக் கடந்ததும் மணற்கடிகாரத்தைக் கவிழ்ப்பார்கள். மணல் தீர்ந்ததும் கயிற்றைப் பிடித்து நிறுத்தி, ஓடிய முடிச்சுகளை எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கைதான் ‘நாட்’ கணக்கு.

பிற்காலத்தில் நிலைத்த அளவுப்படி இரண்டு முடிச்சுகளுக்கு இடையே 47 அடி 3 அங்குலம். மணல் விழ 28 விநாடி. அதை மணிக்குப் பெருக்கினால் 6,075 அடி. ஏறத்தாழ ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர்! சணல் கயிறும் மணலும் தந்த துல்லியம் இது.

ஆனால் தொடக்கத்தில் முடிச்சுகளின் இடைவெளி 42 அடிதான், மணல் 30 விநாடி. ரிச்சர்ட் நார்வுட் லண்டனிலிருந்து யார்க் வரை நிலத்தை அளந்து, கடல் மைல் நினைத்ததைவிட நீளம் என்று 1637இல் எழுதிய பிறகும் மாலுமிகள் பழைய கயிற்றை எளிதில் விடவில்லை. முடிச்சு நெருக்கமாக இருந்தால் வேகம் கூடுதலாகக் காட்டும். கரை நெருங்கிவிட்டதென்று முன்கூட்டியே விழித்திருக்கலாம். பாறையில் மோதுவதைவிட அந்தப் பிழை மேல். உயிருக்கு அஞ்சிய அந்தப் பிடிவாதத்தில் நியாயம் இருக்கிறது.

வேகம் மட்டும் தெரிந்து என்ன பயன்? ஆறு நாட் வேகத்தில் நான்கு மணி நேரம் ஓடினால் 24 கடல் மைல். திசை தெரியாவிட்டால் அந்த 24 மைல் ஆரமுள்ள வட்டத்துக்குள் கப்பல் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். எதிர்க்காற்றில் பாய்மரக் கப்பல் வலமும் இடமுமாகத் திரும்பித் திரும்பித்தான் முன்னேற முடியும். அதனால் வேகத்தோடு திசைகாட்டியின் முனையையும் ஓர் எழுதுபலகையில் குறித்து, அதைப் பிறகு கப்பல் குறிப்பேட்டில் ஏற்றினார்கள். பள்ளிப் பாடம் இன்று திசைவேகம் என்று சொல்வதை அவர்கள் மணிதோறும் சாக்கட்டியால் எழுதினார்கள்.

இதிலும் ஓர் ஓட்டை இருந்தது. நீரோட்டம் கப்பலோடு பலகையையும் சேர்த்தே இழுத்துப்போகும். கயிறு அதைக் காட்டாது. 1707 அக்டோபரில் ஜிப்ரால்டரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் கடற்படையின் நான்கு கப்பல்கள் தம் இடத்தைத் தவறாகக் கணித்து சில்லித் தீவுப் பாறைகளில் சிதைந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தப் பிழையில் நீரோட்டத்துக்கும் பங்குண்டு என்ற சந்தேகம் நெடுநாள் பேசப்பட்டது.

கடலில் எதையும் வீசாமல், நீரையே நம்பாமல் இடமறிய முடுக்கம் உதவியது. 1958 ஆகஸ்ட் 3 அன்று அமெரிக்காவின் ‘நாட்டிலஸ்’ நீர்மூழ்கி பனிக்கட்டிக்கு அடியில் வட துருவத்தைக் கடந்தபோது மேலே விண்மீன் தெரிய வழியில்லை. சுழல்காட்டிகளோடு இணைந்த முடுக்கமானிகள், கப்பல் வேகம் கூட்டுவது, குறைப்பது, திரும்புவது ஒவ்வொன்றையும் உணர்ந்தன. முடுக்கத்தைக் காலத்தோடு சேர்த்துக் கூட்டினால் திசைவேகம். திசைவேகத்தை அப்படியே கூட்டினால் இடம். சிறு பிழையும் மணிக்கு மணி கூடிக்கொண்டே போகும் என்பதால், இத்தகைய கருவியை நம்பி ஓடும் நீர்மூழ்கிகள் வாய்ப்புக் கிடைக்கும்போது வேறு வழியில் தம் இடத்தைச் சரிபார்த்துக் கணக்கைத் திருத்திக்கொள்கின்றன.