அண்ணா பல்கலைக்கழக வளாகப் பாலியல் வன்கொடுமை வழக்கு, 2024

அண்ணா பல்கலைக்கழக வளாகப் பாலியல் வன்கொடுமை வழக்கு என்பது, சென்னை கிண்டியில் உள்ள அண்ணா பல்கலைக்கழக வளாகத்தினுள் 2024 டிசம்பர் 23 அன்று இரவு இரண்டாம் ஆண்டு பொறியியல் மாணவி ஒருவர் வெளியாள் ஒருவரால் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டது தொடர்பான குற்ற வழக்கு ஆகும். இவ்வழக்கில் சென்னை மகளிர் நீதிமன்றம் 2025 ஜூன் 2 அன்று குற்றவாளிக்குக் குறைந்தது 30 ஆண்டுகள் சிறையில் கழிக்க வேண்டிய ஆயுள் தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தைக் காத்தல், கல்வி நிறுவனங்களின் உள்ளும் புறமும் பாதுகாப்பை ஏற்படுத்துதல், பெண்களின் நடமாடும் உரிமை ஆகியன குறித்துத் தமிழ்நாட்டில் விரிவான விவாதத்தை இவ்வழக்கு தோற்றுவித்தது. இதனைத் தொடர்ந்து 2025 ஜனவரியில் மாநிலச் சட்டங்கள் திருத்தப்பட்டன.

அமைவிடம்

சென்னையின் தென்பகுதியில் அடையாறு ஆற்றுக்குத் தெற்கே உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் பல அடுத்தடுத்து அமைந்துள்ளன. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றிய கிண்டி பொறியியல் கல்லூரி 1920இல் இப்பகுதிக்கு மாற்றப்பட்டது. பின்னர் இதன் அருகே அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியும் கட்டிடக்கலைப் பள்ளியும் அமைந்தன. இவற்றை உள்ளடக்கி 1978இல் அண்ணா பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 1948இல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், 1959இல் தொடங்கப்பட்ட இந்தியத் தொழில்நுட்பக் கழகம், 1988இல் திறக்கப்பட்ட பிர்லா கோளரங்கம், 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் ஆகியனவும் இவ்வட்டாரத்தில் உள்ளன.

பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகம் 180 ஏக்கருக்கும் கூடுதலான பரப்பும் மரச்செறிவும் உடையது. இதன் ஒருபுறம் சர்தார் பட்டேல் சாலையும் மறுபுறம் காந்தி மண்டபம் சாலையும் செல்கின்றன. கோட்டூர், கோட்டூர்புரம் ஆகிய குடியிருப்புப் பகுதிகள் அருகில் உள்ளன. பகலில் ஆயிரக்கணக்கானோர் வந்து செல்லும் இவ்விடத்தில் மாலைக்குப் பின் நடமாட்டம் வெகுவாகக் குறைந்துவிடும். வகுப்பறைகளுக்கும் விடுதிகளுக்கும் இடைப்பட்ட தொலைவும், கட்டிடங்களுக்குப் பின்னுள்ள ஆளரவமற்ற பகுதிகளும் வளாகப் பாதுகாப்பைப் பற்றிய விவாதங்களில் பின்னர் முதன்மை பெற்றன.

நிகழ்வும் கைதும்

2024 டிசம்பர் 23 அன்று இரவு, மாணவி வளாகத்தினுள் தம் நண்பருடன் பேசிக்கொண்டிருந்தார். அப்போது வளாகத்தினுள் நுழைந்திருந்த ஒருவர் அவர்களைக் கைப்பேசியில் படம் எடுத்து, அதனைக் கல்லூரி நிர்வாகத்துக்கும் பெற்றோருக்கும் அனுப்பிவிடுவதாக அச்சுறுத்தினார். நண்பரை விரட்டிய பின் மாணவியைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கினார்.

மாணவி மறுநாளே புகார் அளித்தார். கோட்டூர்புரம் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவு செய்யப்பட்டது. டிசம்பர் 25 அன்று, கோட்டூரைச் சேர்ந்த, நடைபாதையில் பிரியாணிக் கடை நடத்திவந்த 37 வயதுடைய ஒருவரைக் காவல்துறை கைது செய்தது. அவர் மீது முன்னரே திருட்டு உள்ளிட்ட பல வழக்குகள் இருந்தமை தெரியவந்தது.

முதல் தகவல் அறிக்கை வெளியான விவகாரம்

பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றமாகும். முதல் தகவல் அறிக்கைகளைப் பதிவான 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் வெளியிட வேண்டும் என 2016இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், பாலியல் குற்றங்கள் போன்ற வழக்குகளுக்கு அதிலிருந்து விலக்கு அளித்திருந்தது.

ஆயினும் இவ்வழக்கின் முதல் தகவல் அறிக்கை காவல்துறையின் இணையத்தளத்தில் சிறிது நேரம் பொதுப் பார்வைக்குக் கிடைத்தது. மாணவியின் பெயர் முதலிய விவரங்கள் அடங்கிய அதன் படிகள் சமூக ஊடகங்களில் பரவின. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்திருந்தன. அம்மாற்றத்தின்போது கணினி அமைப்பில் ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறினால் அறிக்கை தானாக மறைக்கப்படவில்லை எனக் காவல்துறை விளக்கமளித்தது.

அறிக்கையின் நடையும் கண்டனத்துக்கு உள்ளானது. குற்றம் இழைத்தவரின் செயலை விட, மாணவி எங்கே, யாருடன், எதற்காக இருந்தார் என்பதைச் சுட்டும் வகையில் அது எழுதப்பட்டிருந்ததாக விமர்சிக்கப்பட்டது.

உயர் நீதிமன்றத்தின் தலையீடு

சென்னை உயர் நீதிமன்றம் இந்நிகழ்வைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. நீதிபதிகள் எஸ். எம். சுப்பிரமணியம், வி. லட்சுமிநாராயணன் ஆகியோர் கொண்ட அமர்வு 2024 டிசம்பர் 28 அன்று பின்வரும் ஆணைகளைப் பிறப்பித்தது.

* இந்தியக் காவல் பணியைச் சேர்ந்த சினேகப் பிரியா, அய்மன் ஜமால், பிருந்தா ஆகிய பெண் அதிகாரிகள் மூவர் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழு வழக்கை விசாரிக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை வெளியானது பற்றியும் இக்குழு விசாரிக்க வேண்டும்.
* அறிக்கை வெளியானதால் மாணவிக்கு ஏற்பட்ட பாதிப்புக்கு மாநில அரசு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க வேண்டும்.
* மாணவி தம் படிப்பைக் கட்டணமின்றித் தொடரவும், உளவியல் ஆலோசனை பெறவும் பல்கலைக்கழகம் வழிசெய்ய வேண்டும்.
* மாணவிக்கும் அவர்தம் குடும்பத்துக்கும் பாதுகாப்பு அளிக்க வேண்டும்.

முதல் தகவல் அறிக்கையின் சொற்கள் பாதிக்கப்பட்டவரையே குற்றஞ்சாட்டும் தன்மையுடையன என அமர்வு கண்டித்தது. ஒரு பெண் இரவில் வெளியே செல்வதும் ஆணுடன் பேசுவதும் அவருடைய உரிமைகள் என்றும், அவற்றைக் குற்றத்துக்குக் காரணமாகக் காட்டுவது ஏற்கத்தக்கதன்று என்றும், பாதுகாப்பை ஏற்படுத்துவது அரசின் கடமை என்றும் அமர்வு தெளிவுபடுத்தியது. வளாகப் பாதுகாப்பைப் பற்றிய பிற்கால விவாதங்களில் இக்கருத்துகள் பெரிதும் எடுத்துக்காட்டப்பட்டன.

அரசியல் எதிர்வினைகள்

நிகழ்வின்போது அந்நபர் கைப்பேசியில் யாரையோ "சார்" என்று அழைத்துப் பேசியதாகச் செய்தி பரவியது. வேறொருவருக்கும் இதில் தொடர்பு உண்டு எனக் கூறிய எதிர்க்கட்சியான அ.தி.மு.க., "யார் அந்த சார்?" என்ற முழக்கத்தை முன்வைத்துப் போராட்டங்களை நடத்தியது. கைப்பேசி அப்போது அழைப்புகளை ஏற்காத நிலையில் இருந்தது என்றும், மாணவியை அச்சுறுத்தவே அவ்வாறு பேசினார் என்றும் காவல்துறை தெரிவித்தது. வழக்கில் ஒருவர் மீது மட்டுமே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டது.

பாரதிய ஜனதா கட்சியின் அப்போதைய மாநிலத் தலைவர் கே. அண்ணாமலை டிசம்பர் 27 அன்று கோயம்புத்தூரில் தம்மைத் தாமே சாட்டையால் அடித்துக்கொண்டு எதிர்ப்புத் தெரிவித்தார். தேசிய மகளிர் ஆணையம் உண்மை அறியும் குழுவை அனுப்பியது. குற்றஞ்சாட்டப்பட்டவர் தி.மு.க.வைச் சேர்ந்தவர் என எதிர்க்கட்சிகள் கூறின. அவர் கட்சியின் உறுப்பினர் அல்லர், அனுதாபி மட்டுமே என முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் கூறினார். நிகழ்வு நடந்த காலத்தில் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பதவி 2024 ஆகஸ்ட் முதல் நிரப்பப்படாமல் இருந்ததும் விமர்சிக்கப்பட்டது.

விசாரணையும் தீர்ப்பும்

சிறப்புப் புலனாய்வுக் குழு 2025 பிப்ரவரியில் சைதாப்பேட்டை நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. பின்னர் வழக்கு சென்னை மகளிர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டு, ஏப்ரலில் சாட்சி விசாரணை தொடங்கியது. அரசுத் தரப்பில் 29 சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர்.

2025 மே 28 அன்று, சுமத்தப்பட்ட 11 குற்றச்சாட்டுகளும் மெய்ப்பிக்கப்பட்டதாக நீதிபதி எம். ராஜலட்சுமி தீர்ப்பளித்தார். ஜூன் 2 அன்று தண்டனை அறிவிக்கப்பட்டது. தண்டனைக் குறைப்பு ஏதுமின்றிக் குறைந்தது 30 ஆண்டுகள் சிறையில் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டுடன் ஆயுள் தண்டனையும், 90,000 ரூபாய் தண்டமும் விதிக்கப்பட்டன. நிகழ்வு நடந்து ஆறு மாதங்களுக்குள் தீர்ப்பு வழங்கப்பட்டது குறிப்பிடத்தக்கது.

சட்டத் திருத்தங்கள்

மாணவி ஒருவருக்கு நேர்ந்த துன்பத்தைத் தொடர்ந்து தமிழ்நாட்டில் சட்டம் இயற்றப்படுவது இது முதன்முறையன்று. 1998 ஜூலையில் சென்னை எத்திராஜ் மகளிர் கல்லூரி மாணவி ஒருவர் தெருவில் ஆடவர் குழு ஒன்றின் சீண்டலுக்கு உள்ளாகிக் காயமடைந்து உயிரிழந்தார். அதனையடுத்து அவ்வாண்டே பெண்களைச் சீண்டுதலைத் தடைசெய்யும் சட்டம் கொண்டுவரப்பட்டது. இது பின்னர் தமிழ்நாடு பெண்களுக்கு எதிரான துன்புறுத்தல் தடைச் சட்டம் எனப் பெயர் மாற்றப்பட்டது.

2012 நவம்பர் 30 அன்று தமிழ்நாட்டிலிருந்து மேல்முறையீட்டுக்கு வந்த ஒரு வழக்கில், பேருந்து நிலையம், தொடர்வண்டி நிலையம், திரையரங்கு, பூங்கா, வழிபாட்டிடம் முதலியவற்றில் சீருடை அணியாத பெண் காவலர்களைப் பணியில் அமர்த்துமாறு உச்ச நீதிமன்றம் அனைத்து மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. இத்தகைய சீண்டல்களைத் தடுக்க நடவடிக்கை எடுக்குமாறு கல்வி நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கும் அது அறிவுறுத்தியது.

அண்ணா பல்கலைக்கழக நிகழ்வுக்குப் பின், 2025 ஜனவரி 11 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் இரண்டு திருத்த முன்வரைவுகளை நிறைவேற்றியது. ஒன்று பாரதிய நியாய சன்ஹிதா முதலிய குற்றவியல் சட்டங்களை மாநில அளவில் திருத்துவது. இதன்படி பாலியல் வன்புணர்வுக்கான குறைந்தபட்சத் தண்டனை 10 ஆண்டுகளிலிருந்து 14 ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதற்கான தண்டனையும் கடுமையாக்கப்பட்டது. மற்றொன்று 1998ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, இணையம் உள்ளிட்ட மின்னணு வழித் துன்புறுத்தலையும் அதனுள் கொண்டுவந்தது.

வளாகமும் சுற்றுப்புறமும்

நிகழ்வுக்குப் பின் வளாகத்தினுள் வெளியாட்கள் நுழைவதற்கும் அடையாள அட்டை அணிவதற்கும் கட்டுப்பாடுகள் கடுமையாக்கப்பட்டன. கண்காணிப்புக் கருவிகளையும் விளக்குகளையும் கூட்டுவதற்கான நடவடிக்கைகளும் எடுக்கப்பட்டன. இத்தகைய நடவடிக்கைகளைப் பற்றி இரு வேறு அணுகுமுறைகள் உள்ளன.

முதலாவது, வளாகத்தை மூடிப் பாதுகாப்பது. பல்கலைக்கழக மானியக் குழு 2015இல் வெளியிட்ட மாணவர் பாதுகாப்பு வழிகாட்டல்கள், உயரமான சுற்றுச்சுவர், நுழைவாயில் கண்காணிப்புக் கருவிகள், உயிரளவை வருகைப்பதிவு, வளாகத்தினுள் காவல் நிலையம் ஆகியவற்றைப் பரிந்துரைத்தன. அதே குழுவின் 2015ஆம் ஆண்டுப் பாலியல் துன்புறுத்தல் தடுப்பு ஒழுங்குவிதிகளோ, பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பெண்கள் விடுதிகளில் பாகுபாடான விதிகளைப் புகுத்தக் கூடாது என்கின்றன. பெண்கள் விடுதிகளின் கதவடைப்பு நேரத்தை எதிர்த்து 2015இல் தில்லியில் 'பிஞ்சரா தோட்' என்னும் மாணவியர் இயக்கம் தோன்றியது.

இரண்டாவது, சுற்றுப்புறத்தையும் சேர்த்துச் சீரமைப்பது. மக்கள் நடமாட்டமும் கடைகளும் தெருவை நோக்கிய சன்னல்களும் உள்ள தெருவே இயல்பாகப் பாதுகாப்பு உடையது என அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் வாதிட்டார். இதற்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் ஆகும். 1990களில் மாணவர்கள் மீதான குற்றங்களும் ஆராய்ச்சியாளர் ஒருவரின் கொலையும் அங்கு அச்சத்தை ஏற்படுத்தின. அப்போதைய தலைவர் சூடித் ரோடின் 1996இல் மேற்கு பிலடெல்பியாப் பகுதிக்கான திட்டத்தைத் தொடங்கினார். தூய்மையும் ஒளியும் உள்ள தெருக்கள், வீட்டு வசதி, கடைகள், வேலைவாய்ப்பு, பொதுப் பள்ளி ஆகிய ஐந்து துறைகளில் பல்கலைக்கழகம் முதலீடு செய்தது. வீடுகளின் முகப்பில் விளக்கு பொருத்துவோருக்கு உதவித்தொகை அளிக்கப்பட்டது. 1997இல் தெருக்காவல், துப்புரவுப் பணிகளுக்கெனத் தனி அமைப்பு உருவாக்கப்பட்டது. 2001இல் பல்கலைக்கழகத்தின் துணையுடன் ஒரு பொதுப் பள்ளி திறக்கப்பட்டது. குற்றங்கள் குறைந்தபோதிலும், வாடகை உயர்ந்து அப்பகுதியின் ஏழைக் கறுப்பின மக்கள் வெளியேற நேர்ந்ததாக இத்திட்டம் விமர்சிக்கப்படுகிறது.

சென்னையில் இத்தகைய முயற்சிகள் பெரும்பாலும் அரசின் வழியே நடைபெறுகின்றன. நிர்பயா நிதியின் கீழ் 2018இல் பாதுகாப்பான நகரத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட எட்டு இந்திய நகரங்களுள் சென்னையும் ஒன்றாகும்.

ஓரிடத்தின் பாதுகாப்பை அளவிடப் பெண்கள் பாதுகாப்புத் தணிக்கை என்னும் முறை பயன்படுகிறது. இது 1989இல் கனடாவின் டொராண்டோ நகரில் உருவாக்கப்பட்டது. பெண்கள் குழுவாக இரவில் ஓரிடத்தில் நடந்து, விளக்கொளி, பார்வைக்கு எட்டும் தொலைவு, நடைபாதை, பேருந்து நிறுத்தத்தின் அண்மை, மக்கள் நடமாட்டம், அங்கு தென்படும் பெண்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்துக்கொள்வர். பெண்கள் அவ்விடத்துக்குச் செல்லாமல் தவிர்ப்பதன் மூலம் குற்றங்கள் குறைவது, இம்முறையில் பாதுகாப்பாகக் கருதப்படுவதில்லை.

இவற்றையும் பார்க்க

* அண்ணா பல்கலைக்கழகம்
* கிண்டி பொறியியல் கல்லூரி
* விசாகா நெறிமுறைகள்
* பாரதிய நியாய சன்ஹிதா
* பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கு