கனல் எங்கே வரும்?

அப்பாவிடம் ஒரு நீள நோட்டு உண்டு. பஸ்ஸிலும் டீக்கடையிலும் துக்க வீட்டிலும் காதில் விழுந்த வட்டாரச் சொற்களை வருஷக்கணக்காக அதில் எழுதி வந்தார். சொல், பொருள், சொன்னவரின் ஊர், கேட்ட வருஷம் என்று நாலு கட்டம், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது. எல்லாம் கேட்ட வரிசையில் இருந்ததால் அவருக்கே எதையும் தேடி எடுக்க முடியவில்லை. போன வருஷம் கண்புரை ஆபரேஷன் முடிந்து வந்ததும், "இதை அகர வரிசையில அடிச்சுக் குடும்மா" என்றார்.

தட்டச்சு செய்யத்தான் மூன்று மாதம் ஆனது. அடுக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. கறுப்புத் திரையில் 'சார்ட்' என்று ஒரு கட்டளை, அவ்வளவுதான். அச்செடுத்துக் கொடுத்தேன். லென்ஸ் வைத்துப் பார்த்தவர் இரண்டாம் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

"கதிருக்கு அடுத்து எப்படிக் கனல் வந்துச்சு? கமலை, கவண் எல்லாம் முடிஞ்சுதானே கனல் வரணும்? னகரம் கடைசி எழுத்தில்லையா?"

அக்கா வேறு அகலுக்குப் பின்னால் போய் நின்றிருந்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. இந்தத் தப்பு எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கியவள் நூற்று முப்பது வருஷம் பின்னால் போய்விட்டேன்.

அமெரிக்காவின் 1880 மக்கள்தொகைக் கணக்கைக் கையால் தொகுத்து முடிக்க ஏழெட்டு வருஷம் பிடித்தது. 1890 கணக்கெடுப்புக்கு ஹெர்மன் ஹாலரித் ஒரு வழி கண்டுபிடித்தார். ஆளுக்கு ஒரு அட்டை. வயது, பால், பிறந்த இடம் என்று ஒவ்வொன்றுக்கும் அட்டையில் ஓர் இடம். பொருந்தும் இடத்தில் துளை. ரயில் கண்டக்டர்கள் பயணியின் அடையாளங்களை டிக்கெட்டில் துளையிட்டுக் குறித்ததைப் பார்த்துத்தான் தனக்கு இது தோன்றியது என்று ஹாலரித்தே எழுதியிருக்கிறார். அட்டையின் மேல் ஊசிகள் இறங்கும். துளை இருக்கும் இடத்தில் ஊசி கீழே பாதரசத்தைத் தொட, மின்சுற்று பூர்த்தியாகி முகப்பில் ஒரு முள் நகரும். பக்கத்துப் பெட்டியில் ஓர் அறையின் மூடி திறக்கும். ஊழியர் அட்டையை அதில் போட வேண்டும். ஆறு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள் இப்படி ஊழியர்களின் கை வழியே அட்டைகளாகக் கடந்து போனார்கள்.

பின்னாளில் அட்டையைத் தானே பிரித்துப் போடும் எந்திரம் வந்தது. அதற்கு ஒரு நேரத்தில் ஒரு நிரலைத்தான் பார்க்கத் தெரியும். (நிரை, நிரல் என்று பள்ளிக் கணக்கில் சொல்லித் தந்தார்களே, அதேதான்: படுத்திருப்பது நிரை, நிற்பது நிரல்.) மூன்று இலக்க எண்ணை அடுக்க வேண்டுமா, மூன்று தடவை ஓட்ட வேண்டும். அதிலும் கடைசி இலக்கத்திலிருந்து. படித்தபோது நம்பிக்கை வரவில்லை. 312, 145, 142 என்று மூன்று சீட்டு எழுதி மேஜையில் போட்டுப் பார்த்தேன். ஒன்றின் இடத்தைப் பார்த்து அடுக்கினால் 312, 142, 145. அதைக் கலைக்காமல் பத்தின் இடத்தைப் பார்த்தால் அப்படியே நிற்கிறது. நூறின் இடத்தையும் பார்த்தவுடன் 142, 145, 312. முந்தைய சுற்றின் வரிசையை அடுத்த சுற்று குலைக்கக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை.

இது நிரைகளை மாற்ற. நிரல்களை இடம் மாற்றுவது வேறு வேலை, வேறு எந்திரம். துளையைப் பிடுங்கி இன்னோர் இடத்தில் வைக்க முடியாதே! பலகையில் ஒயர் குத்தி, பழைய அட்டையின் ஐந்தாம் நிரலைப் புது அட்டையின் இருபதாம் நிரலுக்கு அனுப்பி, மொத்தக் கட்டையும் புதிதாகத் துளைப்பார்கள்.

1928இல் ஐபிஎம் எண்பது நிரல் அட்டையைக் கொண்டுவந்தது. பிறகு ஃபோர்ட்ரான் நிரல்மொழி வந்தபோது அதில் 73 முதல் 80 வரையிலான இடங்களைக் கணினி கண்டுகொள்ளாது. அங்கே வரிசை எண் துளைத்துக்கொள்வார்கள். கட்டு கைதவறிக் கீழே விழுந்தால் அந்த எண்ணை வைத்து மறுபடி அடுக்கிவிடலாம். கணக்கில் சேராத, வரிசையைக் காப்பாற்ற மட்டுமே இருக்கும் ஒரு நிரல். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

நியூஜெர்சியின் பெல் ஆய்வகத்தில் டக் மெக்கில்ராய் 1964இலேயே ஒரு குறிப்பு எழுதினார். தோட்டத்து ஹோஸ் குழாய்களைத் திருகி இணைப்பதுபோல நிரல்களை ஒன்றோடொன்று இணைக்க வழி வேண்டும் என்பது அதன் சாரம். 1973இல் கென் தாம்ஸன் ஒரே ராத்திரியில் அதை யுனிக்ஸில் செய்து முடித்தார். ஒரு கட்டளை துப்புவதை அடுத்த கட்டளை விழுங்கும். அட்டைக் கட்டை ஓர் எந்திரத்திலிருந்து அடுத்ததற்குத் தூக்கிக்கொண்டு போன கைகளுக்கு இனி வேலையில்லை.

ஆனாலும் நிரை வேறு, நிரல் வேறு என்கிற பழைய பாகப்பிரிவினை அப்படியே தொடர்ந்தது. நிரைகளுக்கு சார்ட். நிரல்களை வெட்டி எடுக்க 'கட்' என்று ஒன்று. அதனிடம் மூன்றாவதையும் முதலாவதையும் அந்த வரிசையில் கொடு என்று கேளுங்கள். முதலாவதைத்தான் முதலில் கொடுக்கும். எத்தனை முறை கேட்டாலும் அதே பிடிவாதம். இடம் மாற்ற 'ஆக்' வேண்டும். ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் மூவரும் 1977இல் எழுதியது. பெயரும் அவர்களின் முதலெழுத்துகள்தான். அதில் $3, $1 என்று எழுதினால் போதும், ஊர் முன்னால் வந்து சொல் பின்னால் போய்விடும். ஒயர் பலகை ஒரு வரியாகச் சுருங்கியிருக்கிறது.

சரி, கனல்? கணினிக்கு எழுத்து என்பது ஓர் எண். 1991இல் யூனிகோட் தன் முதல் பதிப்பில் தமிழுக்குத் தந்த எண்கள், 1988இன் இந்தியத் தரமான இஸ்கியின் அடுக்கைப் பின்பற்றியவை. இந்திய எழுத்துகளையெல்லாம் தேவநாகரியின் ஒழுங்கில் பக்கம் பக்கமாக நிறுத்திய அடுக்கு அது. அதனால் ந-வை ஒட்டி ன, ர-வை ஒட்டி ற, ல-வை ஒட்டி ள, ழ. புள்ளிக்கு உயிர்க்குறிகளுக்கெல்லாம் பிந்திய எண். அக்கா பின்னால் போனது அந்தப் புள்ளியால்தான். ஒப்பீட்டுக்கு வசதியான ஏற்பாடு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த வசதி அகராதி புரட்டுகிறவருக்கு உரியதல்ல. தமிழ் அகர வரிசைக்கான விதிகளும் யூனிகோட் அமைப்பிடமே தனியாக உண்டு. அவற்றைக் கேட்டு நடக்கும் மென்பொருள் சரியாகவே அடுக்கும். என் சார்ட் வெறும் எண்களைப் பார்த்தது.

அட்டைக்காரர்களின் வித்தையைக் கடன் வாங்கினேன். ஆக்-கை வைத்து, ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளுக்கும் தமிழ் முறைப்படி எண் கொடுத்து, அந்த எண் கோவையை முதல் நிரலாக ஒட்டினேன். அதன்படி சார்ட் அடுக்கியது. பிறகு கட் அந்த நிரலை நறுக்கிப் போட்டுவிட்டது. கதிர், கமலை, கவண், கனல்.

அப்பா இந்த முறை கடைசிப் பக்கம் வரை போனார். போய், "ஜமுக்காளம் ஏன் இங்க கிடக்கு?" என்றார்.

"ஜ வடவெழுத்துப்பா. கடைசிலதான் வரும்."

அவர் நோட்டை எடுத்து விரித்தார். அங்கே சமுக்காளம் என்றுதான் இருந்தது. சொன்னவர் வாயில் வந்தபடி எழுதியிருக்கிறார். நான்தான் தட்டச்சில் திருத்தியிருக்கிறேன். இன்னும் எத்தனை சொல்லை இப்படித் திருத்தினேன் என்று எனக்குத் தெரியவில்லை. நோட்டை முதல் பக்கத்திலிருந்து மறுபடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.