அவை ஒழுங்கும் தலைவரின் நாற்காலியும்

கிராம சபையில் கூச்சல் எழும்போது முதலில் கேட்கும் சொல் ‘மரியாதையாகப் பேசு’ என்பதுதான். அச்சொல் யாரை நோக்கி வீசப்படுகிறது என்பதைக் கவனித்தால் அவை ஒழுங்கு பற்றிப் பாதி விளங்கிவிடும். சுடுகாட்டுப் பாதை கேட்டு ஆண்டுக்கணக்கில் மனு எழுதிக் களைத்தவர் குரலை உயர்த்தினால் அது அவமரியாதை. அதே மனிதரை அவர் மகன் வயதுடையவர் ‘வாடா, போடா’ என்று விளித்தால் அது ஊர்ப் பழக்கம். முன்னது கோபம், பின்னது இழிவு. இவ்விரண்டையும் பிரித்தறிவதே அவையை நடத்துபவரின் முதற்கடமை என்று நாம் கருதுகிறோம்.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 கிராம சபைக்குத் தலைமை வகிக்கும் பொறுப்பை ஊராட்சித் தலைவரிடம் ஒப்படைத்திருக்கிறது. யார் அடுத்துப் பேசுவது, எந்தப் பொருள் விவாதத்துக்கு வருவது, எப்போது தீர்மானத்துக்குச் செல்வது என்பவை அவர் கையில் இருக்கின்றன. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவரும் சபையின் உறுப்பினரே. ஆனால் தலித் ஒருவர் தலைவராக இருக்கும் ஊர்களில், அவையை அவர் எப்படி நடத்துகிறார் என்ற கேள்விக்கு முன்னதாகவே, அவர் அந்த இருக்கையில் அமர விடப்படுகிறாரா என்ற கேள்வி வந்து நிற்கிறது.

தனித் தொகுதி ஊராட்சியின் தலைவரான மேலவளவு முருகேசன் 1997 ஜூன் 30 அன்று மேலும் ஐவரோடு வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊர்களில் 1996 முதல் பத்தாண்டுகள் தேர்தலே முறையாக நடைபெற முடியாமல், 2006இல்தான் நடந்தேறியது. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில், ஆதிதிராவிடர் சமூகத்தைச் சேர்ந்த பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் அமர்த்தப்பட்ட படம் வெளிவந்து வழக்குப் பதிவானது. அந்தப் படத்தில் மற்றவர்கள் நாற்காலிகளில் அமர்ந்திருந்தார்கள். கூச்சலோ, தகாத சொல்லோ இல்லாமலே ஒரு கூட்டம் எவ்வளவு இழிவானதாக இருக்க முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பிறரின் காதுக்கு இனிமையாகப் பேசுவதே கண்ணியம் என்ற எண்ணம் நம் இயக்கக் கூட்டங்களுக்குள்ளும் நுழைந்திருக்கிறது. 1936இல் லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல் தன் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை ஏற்க அம்பேத்கரை அழைத்தது. சாதியை எதிர்த்த அமைப்புதான் அது. உரையின் அச்சுப் பிரதியைப் பார்த்ததும், வேதங்களையும் சாத்திரங்களையும் பற்றிய பகுதிகளைத் திருத்துமாறு கேட்டது. அவர் மறுத்தார். மாநாடு கைவிடப்பட்டது. அவர் அவ்வுரையைத் தன் செலவில் 1,500 படிகள் அச்சிட்டு வெளியிட்டார். காந்தி ‘ஹரிஜன்’ இதழில் அதை மறுத்து எழுதியபோது, 1937ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் அம்மறுப்பையும் தன் பதிலையும் சேர்த்தே அச்சிட்டார் அம்பேத்கர். கடுமையாகப் பேசியவர் எதிர்த்தரப்பின் வாதத்தை வாசகர் முன் வைத்தார். நயமாகப் பேசியவர்கள் ஒரு தரப்பைப் பேசவே விடவில்லை. இவர்களில் அவையை மதித்தவர் யார்?

கிராம சபைக்குத் திரும்புவோம். ஒழுங்கின் பெரும்பகுதி கூட்டம் தொடங்கும் முன்பே முடிவாகிவிடுகிறது. மத வளாகங்களில் கூட்டம் நடத்தக் கூடாது என்றும், குக்கிராமங்களில் சுழற்சி முறையில் நடத்த வேண்டும் என்றும் அரசு அறிவுறுத்தியிருக்கிறது. கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்துவிட்டு ‘அவர்கள் வரவில்லை’ என்று எழுதுவதற்கு இந்த அறிவுறுத்தல் இடம் தராது. இருக்கைகள் அனைவருக்கும் ஒன்றுபோல இருக்க வேண்டும். அல்லது அனைவரும் தரையில் அமர வேண்டும். பேசும் வரிசையைக் காலனியிலிருந்து, அதிலும் பெண்களிலிருந்து தொடங்குவது நல்லது. ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்தபின் வரும் வாய்ப்பு பெரும்பாலும் தலையசைப்பதற்கு மட்டுமே பயன்படுகிறது.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுவோம். நூறு நாள் வேலைக் கணக்கைக் கேட்பவரையெல்லாம் சாதிவெறியர் என்று தள்ளிவிடும் தலைவர், அடுத்த முறை உண்மையான சாதிவெறி தலைதூக்கும்போது தன் சொல்லின் எடையை இழந்து நிற்பார். தன்மீதான புகார் விவாதிக்கப்படும் வேளையில் தலைவர் வாய்மூடிக் கேட்பதும், கடைசியில் பதில் சொல்வதும் அவசியம்.

சாதி இழிவு நேர்ந்தால் சமாதானம் பேசித் தொடர்வது தவறு. பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, ஊராட்சிப் பொறுப்பிலுள்ள பட்டியல் சாதியினரைக் கடமை ஆற்றவிடாமல் தடுப்பதோ மிரட்டுவதோ பிரிவு 3(1)(எம்)-இன் கீழ்க் குற்றம். பொதுப்பார்வையில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவது 3(1)(ஆர்), சாதிப் பெயர் சொல்லி வைவது 3(1)(எஸ்). ஊர் கூடிய சபை பொதுப்பார்வைக்குரிய இடம். எனவே வழக்கு அச்சொற்களைச் சார்ந்தே நிற்கும்.

தலைவர் உடனே கூட்டத்தை நிறுத்தி, பேசப்பட்ட சொற்களை அப்படியே, பேசியவர் பெயரோடும் நேரத்தோடும் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்ல வேண்டும். ஊராட்சிச் செயலர் ‘சிறு சலசலப்பு ஏற்பட்டது’ என்று எழுத முற்படலாம். அந்த வரியை ஏற்கக் கூடாது. எழுதியதைச் சபையில் உரக்க வாசிக்கச் செய்து, கேட்டவர்களிடம் கையொப்பம் வாங்கி, பதிவேட்டின் பக்கத்தைக் கலையும் முன்பே பலரும் படமெடுத்துக்கொள்ள வேண்டும். பதிவேடு அன்றிரவு யார் வீட்டில் இருக்கும் என்பது நமக்குத் தெரியாது.