பீடோங் வட்டாரத்துக் கம்பு

எங்கள் தாத்தா மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் பக்கத்துத் தோட்டமொன்றில் பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டினார். மாலையில் கம்பு வாத்தியார். விடியுமுன் பெரட்டில், அதாவது ஆள் எண்ணும் இடத்தில், மேற்பார்வை பார்க்கும் தண்டல் அவரை ‘ஏய்’ என்றுதான் கூப்பிடுவான். அந்தி சாய்ந்து மாரியம்மன் கோயில் திடலுக்கு வந்தால், அதே தண்டலின் மகன் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்ட பிறகே கம்பை எடுப்பான். கெடாத் தோட்டங்களில் சிலம்பம் என்னவாக இருந்தது என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ராஜேந்திர சோழனின் கப்பலில் சிலம்பம் இங்கே வந்தது என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. 1025ல் கடாரப் படையெடுப்பு நடந்தது உண்மை. பழைய கடாரத்தின் எச்சங்கள் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கும் எங்களுக்குத் தூரமில்லை. ஆனாலும் எங்கள் கம்பின் பூர்வீகத்தை அவ்வளவு பின்னால் போய்த் தேட வேண்டியதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேலம், திருச்சி, தஞ்சாவூர், வட ஆற்காடு பக்கமிருந்து கங்காணி திரட்டிய சனம் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியதே, அவர்களோடு வந்தது அது. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட 1799க்கும் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட 1801க்கும் பிறகு, தெற்கத்திப் பாளையங்களில் கும்பினிக்காரன் ஆயுதங்களைப் பறித்தான். மாடு மேய்க்கிறவன் கையிலிருக்கும் கம்பை எப்படிப் பறிப்பது? அப்படிக் கம்பை விடாத தமிழ்ச் சனத்தின் பேரப்பிள்ளைகள் இங்கே வந்தபோது கையிலும் காலிலும் வரிசைகள் இருந்தன. கம்புக்குக் காட்டில் பிரம்பு கிடைத்தது.

தாத்தா முற்றிய பிரம்பாகப் பார்த்து வெட்டுவார். கோணலை நெருப்பில் வாட்டி, முழங்காலில் வைத்து நிமிர்த்தி, எண்ணெய் தடவி நிழலில் காயவைப்பார். உயரம் அவரவர் நெற்றியளவு. ஆனால் புதிதாக வந்தவனுக்கு உடனே கம்பு கிடைக்காது. வெறுங்கையோடு காலடி போட வேண்டும். ‘கால் நின்னாத்தான்டா கம்பு நிக்கும்’ என்பார். பிறகு சலாம் வரிசை. மண்ணைத் தொட்டு, நான்கு திசைக்கும் வணங்கி, எதிரே நிற்பவனையும் வணங்குவது. அடிபடப்போகிறவனை வணங்கிவிட்டு அடிப்பதில்தான் இந்தக் கலையின் உயிர் இருக்கிறது என்று நம்புகிறேன்.

சுங்கை பட்டாணியில் என் பேரப்பிள்ளைகள் கராத்தே படிக்கிறார்கள். அதில் எனக்குச் சந்தோஷமே; அங்கேயும் வணங்கித்தான் தொடங்குகிறார்கள். ஜப்பானியர் தங்கள் கலைகளை வைத்துக் காத்த விதம் எனக்கு ஏக்கம் தருகிறது. ஜிகோரோ கானோ 1882ல் தோக்கியோவில் கோடோகன் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கி, பழைய ஜுஜுட்சு பிடிகளைத் தொகுத்துப் பெயரிட்டு, பட்டையும் படிநிலையும் வகுத்தார். 1922ல் ஃபுனாகோஷி ஒக்கினாவாவிலிருந்து தலைநகருக்குக் கராத்தேயைக் கொண்டுபோனார். கம்புக்கும் அவர்களிடம் மரபு உண்டு. ஏறக்குறைய 128 சென்டிமீட்டர் நீளமுள்ள ஜோ. அதைத் தொடங்கியவர் என்று சொல்லப்படும் முசோ கொன்னோசுகேயின் பெயர் நானூறு ஆண்டாக நிற்கிறது. எங்கள் தோட்டத்தில் எழுதத் தெரிந்தவர் கணக்கெழுதும் கிராணி. அவர் செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் தாத்தாவின் பெயருக்கு நேரே எழுதியது நாள்கூலி மட்டும்.

அதே ஜப்பான் எங்கள் கம்பின் கதையைத் திருப்பியும் போட்டது. 1941 டிசம்பரில் ஜித்ராவில் ஜப்பானியரிடம் ஆங்கிலேயப் படை உடைந்தது. அசைக்க முடியாதவர் என்று நினைத்திருந்த துரை இரவோடு இரவாகத் தெற்கே ஓடியதைத் தோட்டத்துச் சனம் கண்ணால் பார்த்தது. பிறகு ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதை வேலை பலரை வாரிக்கொண்டு போனது. இந்திய தேசிய ராணுவம் பலருக்கு அணிவகுப்புப் பழக்கியது. போர் முடிந்து துரைமார் திரும்பியபோது பழைய பணிவு திரும்பவில்லை. ஹார்வார்ட் தோட்டத்து ஏ. எம். சாமி தொண்டர் படையைக் கட்டினார். கூலியில் பாதியைக் குடித்த கள்ளுக்கடைதான் அவர்களின் முதல் எதிரி. 1947 தொடக்கத்தில் பீடோங் கள்ளுக்கடை மறியலில் போலீஸ் புகுந்து அடித்தது. ஒரு தொழிலாளி இறந்தார். தாத்தாவும் அவரிடம் கம்பு பழகிய பையன்களும் அந்தக் கூட்டத்தில் நின்றவர்கள். கம்பைக் கோயிலிலேயே வைத்துவிட்டுப் போனதாகப் பாட்டி சொல்வார்.

1948ல் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் வந்தது. தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி, இரவில் ஊரடங்கு. இருட்டிய பிறகு திடலில் நாலு பேர் கம்போடு நின்றால் சந்தேகம். சிலம்பம் திருவிழா நாளுக்குள் ஒடுங்கியது. தப்படிக்கு ஏற்ற அலங்காரச் சுற்று வளர, அடிமுறை தேய்ந்தது. எம்.ஜி.ஆர். படங்களில் கம்பு சுற்றியதைப் பார்த்துப் பழக வந்த பிள்ளைகளும் உண்டு. அவருக்கு அந்த நன்றி சேர வேண்டும். பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனை வந்தது, வீடமைப்புத் திட்டம் வந்தது. பழகிய திடல்களும் போயின.

இப்போது தமிழ்ப்பள்ளி மண்டபங்களில் வகுப்பு நடக்கிறது. தாத்தா காலத்துத் திடலில் நிற்கவே விடப்படாத பெண்பிள்ளைகள் இன்று முன்வரிசையில் சுற்றுகிறார்கள். தமிழ்நாட்டில் 2024 ஜனவரியில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் செயல்விளக்கப் போட்டியாக இடம்பெற்றது. பட்டை, புள்ளி, பதக்கம் எல்லாம் வரட்டும். வாத்தியார்களிடம் நான் கேட்பது, சலாம் வரிசை போடவைக்கும் முதல் நாளிலேயே பிள்ளைகளுக்கு ஹார்வார்ட் தோட்டத்தையும் 1947ஐயும் சொல்லிக் கொடுங்கள் என்பதுதான். பழைய காலடிகள் தெரிந்த பெரியவர்கள் கூலிமிலும் பாடாங் செராயிலும் இன்னும் இருக்கிறார்கள். நோட்டுப் புத்தகத்தோடு அவர்களிடம் போய்க்கொண்டிருக்கிறேன். ஒரே வரிசையை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் போடுகிறார்கள், எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறேன்.